சத்துமாவுப் பாக்கெட்டுக்குள் பீர்க்காரர் எப்படி வந்தார்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதப் பாக்கெட்டுக்குள் வைத்த கதைச் சீட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "பேரப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச மாவு வாங்கினால், உள்ளே பீர் காய்ச்சினவன் கதை இருக்கே, நியாயமாப்பா?" என்று ஒரு பாட்டி கடைக்கே வந்துவிட்டார். கேட்டது சரிதான். சீட்டில் இடம் நாலு வரி. அதில் பீர் மட்டும் நின்றது, மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. விழுந்ததை இங்கே எழுதுகிறோம்.

அவர் பெயர் மேத்யூ வாசர். 1792இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தார். நாலு வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பொகிப்சி என்ற ஊரில் அப்பா 'ஏல்' என்ற வகை பீர் காய்ச்சி விற்றார். பையனைத் தோல் பதனிடும் பட்டறையில் தொழில் பழக விட ஏற்பாடு நடந்தது. அது பிடிக்காமல் 14 வயதில் வீட்டைவிட்டு ஓடி, வெளியூர்க் கடைகளில் வேலை பார்த்து, சில வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

வந்த கொஞ்ச நாளில், 1811இல், அப்பாவின் பீர் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அதோடு போகவில்லை. மிஞ்சியதைப் பார்க்கத் தொட்டிக்குள் இறங்கிய அண்ணன் ஜான், அடியில் தேங்கியிருந்த வாயுவில் மூச்சடைத்து இறந்துபோனார். நொதிக்கிற இடத்தில் கரியமில வாயு அடியில்தான் தங்கும். பாழுங்கிணற்றில் இறங்குகிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். பத்தொன்பது வயதில் மேத்யூ சிறிய அளவில் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். ஊர் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கடை போட்டு, சிப்பியும் ஏலும் விற்றார். மேலே வழக்கு, கீழே வியாபாரம்!

ஆலை வளர்ந்தது. சேமிப்பு வங்கி, திமிங்கல வேட்டைக் கம்பெனி, ரயில் பாதை என்று ஊரில் எது தொடங்கினாலும் அவர் கை இருந்தது. 1835இல் ஊர்த் தலைவரும் ஆனார். நம் பேரூராட்சித் தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியலில் அதற்கு மேல் அவர் ஏறவில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. சொத்தை என்ன செய்வது என்று யோசித்து, முதலில் மருத்துவமனை கட்டத்தான் நினைத்தார். அப்புறம் உறவுக்காரப் பெண்ணான லிடியா பூத் ஊரில் நடத்திய பெண்கள் பள்ளியும், அதை வாங்கி நடத்த வந்த மைலோ ஜுவெட்டின் பேச்சும் அவர் மனத்தைத் திருப்பின. 1861 பிப்ரவரியில் புதுக் கல்லூரியின் அறங்காவலர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே 4,08,000 டாலருக்குப் பத்திரங்கள். கூடவே 200 ஏக்கர் நிலம். பெண்களுக்கு முழுத் தரத்தில் ஒரு கல்லூரி! இரண்டே மாதத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியும் கட்டட வேலை நடந்தது. 1865 செப்டம்பரில் 353 மாணவிகளோடு வகுப்பு ஆரம்பமானது. வானியல் கற்பிக்க வந்தவர் மரியா மிட்சல், 1847இல் வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தவர். கல்லூரி இன்றும் வாசர் பெயரில்தான் நடக்கிறது. 1969 முதல் ஆண்களும் படிக்கிறார்கள்.

1868 ஜூன் 23 அன்று, அறங்காவலர்கள் முன் தன் விடைபெறும் உரையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசரின் உயிர் போயிற்று.

சரி, இவருக்கும் நம் மாவுக்கும் என்ன சம்பந்தம்? தானியத்தை ஊறவைப்பது, முளைகட்டுவது, காயவைப்பது: பீருக்கு வாற்கோதுமையைத் தயார் செய்கிற இந்த வேலைதான் நம் கேழ்வரகுக்கும் நடக்கிறது. அதற்குப் பிறகு நாம் அரைக்கிறோம், அவர்கள் நொதிக்க விடுகிறார்கள். நம் பாக்கெட்டில் நொதித்தது எதுவும் கிடையாது, பாட்டி பயப்பட வேண்டாம்.

கதைச் சீட்டே வேண்டாம் என்பவர்கள் மாவு வாங்கும்போது கல்லாவில் சொல்லுங்கள், எடுத்துவிட்டுத் தருகிறோம். இனிமேல் சீட்டு நாலு வரியில் இருக்காது. இரண்டு பக்கமும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் முளைகட்டிய மாவுக் கடைக்காரர்