கல்தூணைப் பிரிந்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பார்த்தலோமியோ டயஸ் அவர்களுக்கு,

பள்ளிப் பாடத்தில் உங்களுக்கு ஒரே வரிதான்: 1488இல் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த போர்ச்சுகீசிய மாலுமி. அடுத்த வரியிலேயே வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிடுவார். நீங்கள் பட்ட பாட்டைப் பிற்பாடுதான் படித்தேன். அன்றிலிருந்து உங்கள் நினைவு என்னை விடவில்லை.

பதின்மூன்று நாள் புயல் உங்களைத் தெற்கே அடித்துச் சென்றது. முனையைக் கண்ணால் பாராமலே தாண்டிவிட்டீர்கள். வடக்கே திரும்பித் தேடியபோது, கிழக்கு நோக்கி ஓடும் கரையும் மாடு மேய்ப்பவர்களும் தெரிந்தார்கள். நீங்கள் தண்ணீர் எடுத்தபோது அவர்கள் கல்லெறிய, குறுக்குவில்லால் ஒருவரைக் கொன்றீர்கள். இதை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. அது அவர்கள் ஊர்த் தண்ணீர். இறந்தவரின் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் அதன்பின் நீங்கள் செய்ததற்காகத்தான் இந்தக் கடிதம். உணவு தீர்ந்துகொண்டிருந்தது, மாலுமிகள் களைத்துப்போய்த் திரும்பச் சொன்னார்கள். எல்லோரையும் கூட்டிக் கருத்துக் கேட்டீர்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு, ஓர் ஆற்றின் வாய் வரை போய்ப் பார்த்துவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பினீர்கள். இந்தியாவுக்கான கடல் எதிரே திறந்து கிடந்தது. அதை விட்டுத் திரும்ப எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

வழியில், போர்ச்சுகலின் அடையாளமாக நீங்களே கரையில் நட்ட கல்தூணிடம் விடைபெற்றபோது, என்றென்றைக்குமாக நாடு கடத்தப்பட்ட மகனைப் பிரிவதுபோல் வருந்தினீர்கள் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதியிருக்கிறார். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கிறது.

போகும் வழியில் நிறுத்திவைத்த உணவுச் சரக்குக் கப்பலில் நீங்கள் விட்டுச்சென்ற ஒன்பது பேரில், திரும்பி வந்தபோது மூவரே மிஞ்சியிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் உங்களைக் கண்ட மகிழ்ச்சியிலேயே உயிரை விட்டார். இன்னும் தாமதித்திருந்தால் அந்த மூவராவது இருந்திருப்பார்களா?

பிறகு காமாவின் கப்பல்கள் உங்கள் மேற்பார்வையில் உருவாயின. பயணத் தலைமை அவருக்குப் போனது. 1500இல் போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கடற்படையோடு இந்தியாவுக்குப் புறப்பட்ட உங்களைத் தென் அட்லாண்டிக் புயல் கொண்டுபோய்விட்டது.

உங்களுக்குத் தெரிய வழியில்லாத ஒரு செய்தி. அந்தத் தூண் உடைந்து மண்ணுக்குள் புதைந்துபோயிருந்தது. 1938இல் எரிக் ஆக்சல்சன் என்ற வரலாற்றாசிரியர் தென்னாப்பிரிக்காவின் குவாய்ஹூக் கரையில் அதன் துண்டுகளைத் தோண்டி எடுத்தார். ஒட்டிச் சேர்த்து, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.