கறை எடுக்கிற ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைக் கட்டி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மாத்திரை எவ்வளவு பலிக்கும் என்று முன்கூட்டிக் காட்டும் எம்ஜிஎம்டி பரிசோதனையை "எப்படியும் அதே மாத்திரைதானே" என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. அது எனக்கு ஒப்பவில்லை.

என் அண்ணனுக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. ஆபரேஷன், அப்புறம் 30 தடவை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. அதை வெறும் வயிற்றில் போட வேண்டும், அதற்கு முன்பே வாந்தி மாத்திரை. நங்கை (அண்ணி) கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஏழே மாதத்தில் கட்டி திரும்பியது. பத்தியம் தவறிவிட்டது என்று சொந்தபந்தம் நங்கையைத்தான் குத்தியது. காரியமெல்லாம் முடிந்தபிறகு, தெரிந்த டாக்டர் ஒருவர் ஃபைலைப் புரட்டி, "மெத்திலேஷன் இல்லை" என்ற வரியைக் காட்டி விளக்கினார். "அப்ப நான் குடுத்த தயிர்ச்சோறு காரணம் இல்லீங்களா?" என்று கேட்டார் நங்கை.

நான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்ப்பவன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அந்த மருந்து புற்றுச் செல்லின் டிஎன்ஏவில், குவானின் என்ற எழுத்தின் மேல் சின்னக் கறை ஒன்றை வைக்கிறது. எம்ஜிஎம்டி புரதம் கறை எடுக்கிற ஆள். கறையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், அந்த ஒரு கறையோடு அதன் கதையும் முடியும். மெத்திலேஷன் என்பது இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவின் வாசலில் விழுந்த பூட்டு. பூட்டு இருந்தால் ஆள் வரமாட்டார், கறை நிற்கும். செல் பிரியும்போது அங்கே தப்பான ஜோடி சேரும். இன்னொரு ரிப்பேர் குழு, எங்கள் செக்கிங் போல, அதைப் பிரித்துப் பிரித்துத் தைக்கும். பிரிப்பது புது இழையை, கறையோ பழைய இழையில்! தைத்துத் தைத்தே செல் சாகும். இந்தக் குழுவே கெட்டுப்போன செல்கள் தப்பைக் கண்டுகொள்ளாமல் பிழைத்துக்கொள்ளும். மருந்து பிற்பாடு பலிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2005இல் வெளிவந்த ஆய்வில், கதிர்வீச்சும் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பூட்டு இருந்தோர் 46 சதவீதம் பேர் 2 ஆண்டைத் தாண்டினார்கள். இல்லாதவர்களில் 14 சதவீதம் போல. அவர்களுக்கும் கொஞ்சம் பலன் உண்டு என்பதால் மருந்து கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய, இரண்டையும் தாங்காத உடம்புக்கு மாத்திரை மட்டுமா, கதிர்வீச்சு மட்டுமா என்று முடிவெடுக்க இந்தப் பரிசோதனைதான் கைகொடுக்கும். அங்கே "அதே மாத்திரை" இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவிநாசி