போகிக்கு முந்தின ஞாயிறு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நைனாவும் நானும் நலம். போகிக்கு முந்தின ஞாயிறு தெருத் தோட்டத்துப் பறிப்பை நீயே நின்று நடத்துகிறேன் என்று சொன்னாயே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன், கையிலேயே வைத்துக்கொள்.

அன்றைக்கு எப்படியும் இருபது பேர் வருவார்கள். எல்லாரும் ஆசையாக வருகிறவர்கள், யாரையும் முகம் சுளிக்க விடாதே. ஆனால் செடி ஒடிவது அந்த ஆசையில்தான். காயைப் பார்த்ததும் கை தானாகப் போய் இழுத்துவிடும். கத்தரியில் கிளை பிளந்து வரும், அவரையில் கொடியே பந்தலை விட்டுக் கழன்று வரும். இரண்டும் மாசி வரை காய்க்க வேண்டியவை. நம்மிடம் கத்தரிக்கோல் எட்டு இருக்கிறது, எட்டு ஜோடிக்கு மேல் பாத்தியில் இறக்காதே. ஜோடியில் ஒருவர் வெட்டட்டும், மற்றவர் கூடை பிடிக்கட்டும். கூடை பிடிப்பவர் செடியைத் தொட வேண்டியதில்லை. மிச்சம் இருப்பவர்களுக்கு நிழலில் வேலை நிறைய இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயந்திரமே வந்துவிடுவாய் அல்லவா? வந்ததும் பாத்திகளுக்கு அளவாகத் தண்ணீர் விடு. ராத்திரி முழுக்க வேர் நீர் குடித்தால் காலையில் கீரையும் வெண்டையும் விறைப்பாக இருக்கும், முள்ளங்கியும் உடையாமல் வரும். தக்காளிக்கு மட்டும் தாராளமாக விடாதே. காய்ந்து கிடந்த செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் போனால் பழுக்கப்போகிற காய் வெடித்துவிடும். கீரைக்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்று. நம் திருவொற்றியூர் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறிக் கிடக்கிறது, இலை ஓரம் கருகிப்போகும். வேப்பெண்ணெய்க் கரைசல் சனிக்கிழமை அடிக்கவே கூடாது, அந்தக் கசப்பும் வாடையும் காயிலேயே நிற்கும்.

தண்ணீர் விட்டபிறகு சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வா. ஏற்கெனவே விதைக்கு விட்ட காய்களில் நூல் கட்டியிருக்கிறது. மழையில் அறுந்திருந்தால் புதிதாகக் கட்டு. நல்ல செடியாகப் பார்த்து வெண்டையில் இரண்டு, கத்தரியில் ஒன்று என்று விட்டிருக்கிறோம். வெண்டை செடியிலேயே காய்ந்து ஓரம் வெடிக்க வேண்டும், கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். "அய்யோ முற்றிப்போச்சே" என்று யாராவது பரிதாபப்பட்டு அதைப் பறித்துப் போட்டால் ஆடிப்பட்டத்துக்கு விதை கிடையாது. காலையில் எல்லாரும் கூடியதும் அந்த நூலைக் கையில் தூக்கிக் காட்டி இதை முதலில் சொல்லிவிடு.

ஆறரைக்கு ஆரம்பி. எதை முதலில் பறிப்பது என்பதைப் பனிதான் முடிவு செய்யும். முள்ளங்கிக்குப் பனி ஒன்றும் செய்யாது, பிள்ளைகளை அதில் விடு, ஆசை தீரப் பிடுங்கட்டும். விதைத்து நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, இனி விட்டால் உள்ளே நெட்டி விழும், சக்கையாகிவிடும். ஒன்றுகூட மிச்சம் வேண்டாம். கூடவே கீரை. முளைக்கீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைத் தரையிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு அரிவாளால் அறு, மறுபடி துளிர்க்கும். பனி ஈரத்தோடு கட்டுக் கட்டாதே. உள்ளே வெந்து மஞ்சளாகிவிடும். ஈரச் சாக்கின்மேல் நிழலில் பரப்பிவிட்டு, இலைமேல் தண்ணீர் உலர்ந்தபிறகு கட்டச் சொல்.

அடுத்து கத்தரி. பளபளவென்று இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து உடனே நிமிர வேண்டும். மங்கிப்போய் கல் மாதிரி இருந்தால் விதை முற்றிவிட்டது. காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடிக்கச் சொல். ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு. அதற்குத் தனியாக ஒரு பக்கெட் வை. அதை மட்கு குழியில் போட்டுவிடுவார்கள், விடாதே. புழு அங்கேயே வளர்ந்து அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வாடித் தொங்கும் நுனித் தண்டுக்குள்ளும் அதே புழுதான் இருக்கும், அதையும் வெட்டி அந்தப் பக்கெட்டிலேயே போடச் சொல்.

வெண்டையில் நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், ஒடித்த காய் சாயந்திரத்துக்குள் கறுக்கும். விரல் நீளம் இருந்தால் வெட்டு. முற்றினதையும் வெட்டியே ஆக வேண்டும், நூல் கட்டினது தவிர. முற்றல் செடியில் நின்றால் அடுத்த பூ குறையும். முழுக்கைச் சட்டை போட்டவர்களை அந்தப் பாத்திக்கு அனுப்பு, சுணை அரிக்கும்.

தக்காளி, மிளகாய் பக்கம் போகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பீடி, புகையிலை தொட்ட கையிலிருந்து தேமல் நோய் இந்த இரண்டுக்கும் ஒட்டும். பெரியவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், அதனால் வாசலிலேயே வாளியும் சோப்பும் வைத்து எல்லாரையும் கழுவ வைத்துவிடு. தக்காளியில் இலேசாகச் சிவப்பு ஏறினதையே பறிக்கலாம், வீட்டில் பழுக்கும். கூடையில் இரண்டு அடுக்குக்கு மேல் போட்டால் அடியில் இருப்பது நசுங்கும்.

அவரை கடைசி. எட்டு மணிக்கு இலை நன்றாக உலர்ந்தபிறகுதான் பந்தல் பக்கம் யாரும் போக வேண்டும். ஈரத்தில் கை பட்டால் துருநோய் ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குப் பரவும். இடது கையால் கொத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் காயை மட்டும் வெட்ட வேண்டும். தண்டு நிற்க வேண்டும், அதன் நுனியில் இன்னும் பூ இருக்கும். பருப்பு புடைக்காத காயாகப் பார். அசுவினிப் பூச்சி அப்பிய நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடு.

நிழல் வேலைக்கு முருங்கை அடியில் பாய் விரிக்காதே. மழைக்குப் பிறகு அதில் கம்பளிப்பூச்சி அடையாக இருக்கும். யார் மேலாவது விழுந்தால் தேய்க்கக் கூடாது, பிளாஸ்திரி ஒட்டி உரித்து எடுத்தால் முடி அதோடு வந்துவிடும். சாக்கு அடுக்கைக் கையால் தூக்காமல் குச்சியால் புரட்டச் சொல், பூரான் இருக்கும். வேப்பமரத்து அடிதான் நல்ல இடம். அங்கே ஆயாக்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக் கீரை கட்டுவார்கள். அவர்களிடம் நீ எதுவும் சொல்லித்தர வேண்டாம்; கேட்டுக்கொள்.

பங்கு பிரிப்பதுதான் மனஸ்தாபம் வருகிற இடம். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, கொக்கித் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதியபிறகே பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் யார் பையிலும் எதுவும் போகக் கூடாது, நம் வீட்டுப் பை உட்பட. வீடு இருபத்திரண்டு. கத்தரி பதினொரு கிலோ வந்தால் வீட்டுக்கு அரைக் கிலோ, கணக்கு சரி. வெண்டை மூன்று கிலோதான் என்றால் எல்லாருக்கும் ஒரு பிடி என்று கொடுக்காதே, அது யாருக்கும் ஒரு வேளைக்கு ஆகாது. ஆறு வீட்டுக்கு அரைக் கிலோ கொடு. அடுத்த வாரம் ஏழாவது வீட்டிலிருந்து தொடங்கும். நோட்டில் முறை குறித்திருக்கிறது. வர முடியாத வீட்டுக்கும் பங்கு உண்டு.

கீரை வாங்குகிறவர்களிடம் மூன்று தண்ணீரில் அலசச் சொல். காற்றில் வரும் நிலக்கரிச் சாம்பல் இலைமேல் படிகிறது, அது கழுவினால் போகும். மண்ணில் இருக்கிற கெடுதல் வேர் வழியாக ஏறினால் அது கழுவினாலும் போகாது. அதனால்தான் கால்வாய்க் கரை மண்ணை யார் இலவசமாகக் கொண்டுவந்தாலும் பாத்தியில் சேர்ப்பதில்லை. அன்றைக்கும் யாராவது கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு.

மஞ்சள் கொத்தை ஞாயிற்றுக்கிழமை தொடாதே. பொங்கல் பானையில் கட்டும்போது இலை பச்சையாக இருக்க வேண்டும், போகி சாயந்திரம்தான் எடுக்க வேண்டும். சுற்றிலும் களைக்கொத்தால் மண்ணை நெகிழ்த்திவிட்டுத் தூக்கு. இலையைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்.

வெயில் தாழ்ந்ததும் அறுத்த கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, பத்து லிட்டருக்கு 50 மில்லி மீன் அமில உரம் கலந்து வேரில் ஊற்று. காசிமேட்டு மீன் கழிவில் போட்டது, நீல டிரம்மில் இருக்கிறது. மூடியை மெதுவாகத் திற, உள்ளே காற்று சேர்ந்திருக்கும்.

கேட் சாவி எதிர்வீட்டு ஆயாவிடம். தராசுக்குப் புது பேட்டரி மேஜை டிராயரில்.

அன்புடன்,
அம்மா