லாப்பி, மீலி, இங்பெர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுத் தமிழர் பேசுவது கலப்படத் தமிழ், அதைத் திருத்தாவிட்டால் தமிழே கெட்டுவிடும் என்று போன வாரம் ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்விக் பக்கம் உள்ள காலைச் சந்தையில் மூன்று தலைமுறையாக நாங்கள் காய்கறி விற்கிறோம். வாடிக்கையாக வரும் யூதப் பாட்டி ஒருவர் ஒருநாள் இஞ்சியைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இதை இங்பெர் என்போம் என்றார். அவருடைய பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், பேசியது யித்திஷ், ஐரோப்பிய யூதர்களின் மொழி. பஸ்கா பண்டிகைக்கு இஞ்சி போட்டு ஒரு மிட்டாய் செய்வார்களாம், அதற்குப் பெயரே இங்பெர்லெக். எனக்கு அந்தச் சொல் காதிலேயே நின்றுவிட்டது. அப்புறம் தேடிப் பார்த்தால், நம் இஞ்சிவேர்தான் பாலியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆகி, லத்தீன் வழியாக ஜெர்மனுக்குப் போய், கடைசியில் யித்திஷில் இங்பெராக உட்கார்ந்திருக்கிறது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். என் கூடையில் கிடந்த இஞ்சியின் பெயர் இவ்வளவு ஊர் சுற்றி, அந்தப் பாட்டி வாய் வழியாக என்னிடமே திரும்பி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது.

யித்திஷ் முழுக்கவே இப்படித்தான். அடித்தளம் பழைய ஜெர்மன், எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. சாப்பாட்டுக்குப் பின் பிரார்த்தனை சொல்லிவிட்டுத் தாத்தா ஒரு வேத நூல் வாங்கினார் என்பதை "நோக்கன் பென்ட்ஷன் ஹாட் டெர் ஸெய்டெ கெகொய்ஃப்ட் அ செய்ஃபர்" என்பார்கள். இதில் பென்ட்ஷன் லத்தீனிலிருந்து வந்தது, தாத்தாவைக் குறிக்கும் ஸெய்டெ ஸ்லாவியம், செய்ஃபர் எபிரேயம், மீதி ஜெர்மன். செய்ஃபர் என்றால் சமய நூல் மட்டும்தான், சாதாரணப் புத்தகத்துக்கு ஜெர்மனிலிருந்து வந்த புக் என்ற சொல் தனியாக இருக்கிறது. முட்டாளைக் குறிக்கும் நார் ஜெர்மன் சொல், ஆனால் பன்மைக்கு எபிரேய விகுதி சேர்த்து நாரோனிம் என்பார்கள்.

எங்கள் வீட்டு வாக்கியம் ஒன்று சொல்கிறேன். "ஆயா ஸ்டூப்புல உக்காந்து மீலி உரிக்கிறாங்க, லாப்பிங்க எல்லாம் கொடியில காயுது." ஸ்டூப் என்றால் திண்ணை, டச்சுக்காரர் கொண்டுவந்தது. மீலி என்றால் மக்காச்சோளம், போர்ச்சுகீசிய மில்யோ, டச்சிலிருந்து இங்கே பிறந்த ஆஃப்ரிக்கான்ஸ் மொழி வழியாக வந்தது. மாரியம்மனுக்கு எங்கள் வீட்டில் ஊற்றுவது மீலிக் கூழ்தான், அம்மன் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. துடைக்கும் துணியான லாப்பிக்கு நம் பன்மையைச் சேர்த்து லாப்பிங்க என்பதற்கும் நாரோனிமுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். யித்திஷையும் ஒரு காலத்தில் அதைப் பேசியவர்களே ஜார்கோன், அதாவது கொச்சைப் பேச்சு என்று மட்டமாகச் சொன்னார்கள். ஆனால் 1925இல் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) யீவோ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் ஸாம்லர் என்று தொண்டர்களைச் சேர்த்தார்கள். ஸாம்லர் என்றால் சேகரிப்பவர். ஊர் ஊராக இருந்த அவர்கள் பாட்டிமார் சொன்ன சொல், பழமொழி, பாட்டு என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்கள், இது சுத்தமா கலப்படமா என்று யாரும் தடுக்கவில்லை. பின்பு நாஜிகள் வில்னாவைப் பிடித்தபோது, சுட்ஸ்கெவர் போன்ற கவிஞர்கள் உடுப்புக்குள் மறைத்து நூல்களைக் கடத்திக் காப்பாற்றினார்கள். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். அதற்குப் பிறகும், 1980இல் அமெரிக்காவில் ஆரன் லான்ஸ்கி என்ற 24 வயது இளைஞர் வீடு வீடாகப் போய்ப் பழைய யித்திஷ் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். மிஞ்சியது 70,000தான் இருக்கும் என்று நினைத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது.

எங்கள் நாட்டிலும் இந்த இரண்டு மொழிக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த நேட்டாலில் (டர்பன் இருப்பது அங்கேதான்) 1897இலும் கேப்பில் 1902இலும், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்தால்தான் உள்ளே விடுவோம் என்று இந்தியர்களைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். அதில் யித்திஷ்காரர்களும் மாட்டிக்கொண்டு, போராடி, 1906இல் கேப்பில் யித்திஷும் ஐரோப்பிய மொழிதான் என்று சட்டத்தில் எழுத வைத்தார்கள். தமிழுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இன்றைக்கு, தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, யித்திஷ் பெயர் இல்லை. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் தமிழ் பேசும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் மகளுக்குப் பதினொரு வயது. வார இறுதித் தமிழ் வகுப்பில் எங்கள் வீடு என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஸ்டூப், மீலி, லாப்பி மூன்றையும் ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, "இது தமிழ் அல்ல" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். திண்ணை என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிள்ளை, என் அம்மாவிடம் போய், ஆயா நீங்க பேசுறது தமிழ் இல்லையாமே என்று கேட்டாள். அம்மாவுக்கு 84 வயது. வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசியவர். பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் பேத்தியிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார், அதுவும் ஒன்றிரண்டு சொல்தான்.

ஐயா, உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள். மொரீஷியஸ், ரீயூனியன், பர்மா, டர்பன் என்று அங்கங்கே இருக்கிற வாசகர்கள் வீட்டுச் சொல் ஒன்றையும், அதைச் சொன்னது யார், எதற்குச் சொன்னார்கள் என்பதையும் எழுதி அனுப்பட்டும். அம்மா சொல்லச் சொல்ல மகளும் நானும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டோம், நேற்று வரை 43 சொல். முதல் சொல்லை இத்துடன் அனுப்புகிறேன்.

லாப்பி: துடைக்கும் துணி. ஆஃப்ரிக்கான்ஸ் சொல். பழைய சேலையைக் கிழித்துச் செய்தது. எங்கள் அம்மா அடுப்படியில் சொல்வது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா