தானப்பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்தவர்களுக்கு நன்றி

மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் படைவீரர் நிலத்துக்காக இத்தனை ஆண்டுகள் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி 1912-இல் மறைந்துவிட்ட ஓர் அம்மையாருக்கு. ஆர்காடியா பண்டினி டி பேக்கரும் செனட்டர் ஜான் ஜோன்ஸும் 1888-இல் 300 ஏக்கரைத் தானமாக எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால், காப்பாற்றுவதற்கு எதுவும் இருந்திருக்காது. ஊனமுற்ற படைவீரர்களுக்கான இல்லமாக அந்த நிலம் என்றென்றும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கையையும் காலையும் இழந்தவர்கள் அங்கே வந்து தங்கினார்கள். பழத்தோட்டம், தபால் நிலையம், டிராம் வண்டி நிற்குமிடம் என்று ஓர் ஊரே உருவானது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியே வழிபட, 1900-இல் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது, சிதிலமடைந்துதான்.

சுற்றிலும் பிரென்ட்வுட் போன்ற பணக்காரப் பகுதிகள் வளர்ந்ததும் நிலத்தின் மேல் கண் விழுந்தது. அதிபர் ரீகன் ஆட்சிக் காலத்தில் 109 ஏக்கரை விற்றுவிடத் திட்டமிட்டார்கள். அதைத் தடுக்க 1988-இல் சட்டம் கொண்டுவந்த செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனுக்கும், அவர் பின்னால் நின்ற படைவீரர்களுக்கும் நன்றி. தானம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அது.

விற்க முடியாது என்றதும் நிலத்தை நிர்வகிக்கும் அரசின் படைவீரர் நலத்துறை வாடகைக்கு விடும் வழியைப் பிடித்தது. நம் ஊர்க் கோயில் நிலங்களின் குத்தகைக் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பேஸ்பால் மைதானம், தனியார் பள்ளிக்கு நீச்சல்குளமும் விளையாட்டுத் திடலும், ஹோட்டல் துணிகளுக்குச் சலவைக்கூடம். வேலிக்கு வெளியே, நடைபாதையில், அதே நிலத்துக்கு உரிய வீடற்ற படைவீரர்கள் படுத்திருந்தார்கள். வாகன நிறுத்துமிடக் குத்தகைதாரர் ஒருவர் அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்துச் சிறைக்குப் போனார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பேஸ்பாலின் மேல் எங்களில் யாருக்கும் பகை இல்லை. வீரர்களில் பாதிப் பேர் அந்த விளையாட்டின் பைத்தியங்கள்.

இந்த மடலில் நான் அதிகமாகக் கடன்பட்டிருப்பது, 2008-இலிருந்து ஞாயிறுதோறும் அந்த நிலத்தின் வாசலில் வந்து நின்று போராடிய முதிய படைவீரர்களுக்கு. வியட்நாம் காலத்தவர்கள், அதற்கும் மூத்தவர்கள். ஆபத்துக்கான அறிகுறியாக அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகப் பிடித்ததற்கு வழக்கையும் சந்தித்தார்கள். காரில் போகிறவர்கள் ஹாரன் அடித்து ஆதரவு சொல்வார்கள், சிலர் திட்டிவிட்டும் போவார்கள். பத்திரிகைக்காரர்கள் வராத வாரங்களிலும் அவர்கள் வந்தார்கள். ஐயா, அம்மா, உங்கள் பிடிவாதத்தைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் பிறகு உங்கள் பக்கத்தில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய தானப்பத்திரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கறிஞர்களுக்கும் நன்றி. 2011-இல் வழக்குத் தொடுத்தவர்களிடம் இருந்தது வீடற்ற வீரர்களின் வாக்குமூலமும் அந்த 1888-ஆம் ஆண்டுக் காகிதமும்தான். 2013-இல் பல குத்தகைகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2015-இல் சமரசம் ஏற்பட்டது, குடியிருப்புகள் கட்டுவதாகப் படைவீரர் நலத்துறை ஒப்புக்கொண்டது. பிறகு வேலை நத்தை வேகத்தில் நகர்ந்ததால், 2022-இல் மறுபடியும் வழக்கு. நீதிபதி டேவிட் கார்ட்டர் நிலத்தை நேரில் சுற்றிப் பார்த்தார். 2024 செப்டம்பரில் 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக வீடுகளும் கட்ட ஆணையிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனதையும் மறைக்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட கொரோனா காலத்தில் அந்த நிலத்தை ஒட்டிய சான் விசென்டே சாலையோரம் வீடற்ற வீரர்களின் கூடார வரிசை எழுந்ததே, ஒவ்வொன்றிலும் அமெரிக்கக் கொடி கட்டியிருந்ததே, அங்கே சூடாகச் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தவர்களுக்கு நன்றி. பெரிய பாத்திரத்தில் புளியோதரை கொண்டுவந்த நம் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கிய கடற்படைக்காரர் ஒருவர் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

கூரை மட்டும் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் வாதாடுவேன். போரின் நினைவு தூங்கவிடாத மனிதனுக்கு நேரம் போக்க ஓர் இடம் மருந்துக்குச் சமம். ஒன்பது குழி கோல்ஃப் மைதானமும் ஜப்பானியத் தோட்டமும் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன. கைவிடப்பட்ட கிளிகளுக்கான சரணாலயமும் அங்கே இருக்கிறது. வீரர்கள் கூண்டுகளைச் சுத்தம் செய்கிறார்கள், பழம் நறுக்கித் தருகிறார்கள். மருத்துவரிடம் வாய் திறக்காத ஆள் கிளியிடம் மணிக்கணக்கில் பேசுகிறார். இவற்றைப் பராமரிக்கும் தன்னார்வலர்களை யாரும் மேடையேற்றுவதில்லை. அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. புதிய வீட்டுக்குச் சாவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பையோடுதான் உள்ளே போகிறார்கள். மெத்தை, போர்வை, குக்கர், நான்கு தட்டு, ஒரு நாற்காலி என்று நல்ல நிலையில் இருப்பவற்றைத் தர முடிந்தால், குடியிருப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். பழைய சோபாக்கள் வேண்டாம், அவை ஏற்கெனவே நிறைய வந்து சேர்ந்துவிட்டன.

அன்புடன்,
ஒரு தன்னார்வலர், லாஸ் ஏஞ்சலஸ்