அப்பச்சிக்கு, இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து

சிவமயம்

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் மகள் வணக்கத்துடன் எழுதுவது.

விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் இதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். போனில் நான் முன்போலப் பேசுவதில்லை என்று ஆத்தா வருத்தப்பட்டதாக ஆச்சி சொன்னார்கள். அதற்குக் காரணம் கோபமும் இல்லை, வேலைப் பளுவும் இல்லை.

எனக்கு முடக்குவாதம் வந்திருப்பதும், அது வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் என்பதும் உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரே நாள் மெத்தோட்ரெக்ஸேட், வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம், அவ்வப்போது இரத்தப் பரிசோதனை என்று அந்த வைத்தியம் ஒழுங்காக நடக்கிறது. அதனோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இங்குள்ள மருத்துவர் 9 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, எதிலாவது ஈடுபாடு ஆகியவை எப்படி இருந்தன என்று கேட்டு, 27க்கு எத்தனை என்று கூட்டுகிறார்கள். எனக்கு வந்த கூட்டுத்தொகையைப் பார்த்ததும், பள்ளிக்கூடக் கணக்குத் தேர்வில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் மனதாரப் பூச்சியம் போட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், அப்பச்சி.

காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பார்ப்பதற்கு நன்றாக இருப்பதால் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரிவதில்லை. மாலையில் வெளியே கூப்பிடுகிறவர்களிடம் முடியாது, முடியாது என்று சொல்லிச் சொல்லி, கூப்பிடுவதும் நின்றுவிட்டது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊரில், அலுவலகம் விட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் வரை பேச்சுத்துணை கிடையாது. நம் ஐயாக்கள் கடல் கடந்து தொழில் செய்ய, கொண்டுவிக்கப் போன காலத்தில், மூன்று வருடக் கணக்கு முடியும்வரை ஊர் திரும்பாவிட்டாலும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பல கடைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே சமையல்காரர் ஆக்கியதைச் சாப்பிட்டார்கள். அங்கே ஒருவர் சாப்பிட வராவிட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். விமானமும் வாட்ஸ்அப்பும் இருக்கிற என் நிலைமையைவிட அது மேல் என்றே நினைக்கிறேன்.

இப்போது மனச்சோர்வுக்குச் செர்ட்ரலைன் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நினைத்தபோது திடீரென்று நிறுத்தவும் கூடாது. பேச்சு வழிச் சிகிச்சைக்கு இங்கே மருத்துவரின் கடிதம் இல்லாமல் நாமே பெயர் கொடுக்கலாம். அங்கிருக்கும் அம்மையார், மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் சிறு வேலைகளைக் குறித்த நேரத்தில் செய்யச் சொன்னார். ஆகையால் சனிக்கிழமை பிற்பகலில், போகப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பெல்கிரேவ் சாலைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறேன். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து, அடுத்த சில நாட்கள் படுத்துக் கிடக்கும் வழக்கத்தையும் விடச் சொல்லியிருக்கிறார். இதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. நம் வீட்டில் யாரும் பாதியில் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்யுங்கள், மகிழ்ச்சிதான்; அதை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை சொன்னால், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பைத்தியம் என்ற வார்த்தையை வளவு வீட்டு உறவுகளில் யார் எடுத்தாலும் ஆத்தா அழாமல் இருந்தால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, எடுத்தவுடன் வலி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பங்காளி வீட்டில் முகப்பைப் பூட்டிய தகராறு எந்த மட்டில் இருக்கிறது, ஆத்தா கிண்டிய கும்மாய இனிப்பு பதமாக வந்ததா என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள். நான் வெறுமனே உம் கொட்டினாலும் போனை வைத்துவிட வேண்டாம். உங்களுக்கு மதியம் மூன்றரை மணிக்கு மேல் அழைத்தால் நல்லது. இங்கே அது காலை நேரம்; அதற்கு முன்பு என் விரல்கள் போனைப் பிடிக்காது.

அன்புடன்,
மகள்