உன் பையன் ப்ளஸ் டூ விஷயமா

அன்புள்ள மீனா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன்டி. கடைசில குரல தாழ்த்தி "ஓபன் ஸ்கூல்னா ஃபெயிலான பிள்ளைங்க சேர்ற எடம்தானே, மாமியார் வீட்ல என்ன சொல்லுவாங்களோ"ன்னு கேட்ட பாரு, அது மனசுல அப்படியே நின்னுபோச்சு. போன்ல பேசினா பாதி விட்டுப்போகும், அதான் உக்காந்து டைப் பண்றேன்.

என் பொண்ணுக்கு முதுகுல ஆபரேஷன் ஆனப்போ அவ லெவன்த் படிச்சிட்டு இருந்தா, உனக்கே தெரியும். அட்டெண்டன்ஸ் பத்தல, திரும்ப அதே வகுப்புல உக்காரட்டும் இல்லன்னா டிசி வாங்கிக்கங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. அப்பதான் என்ஐஓஎஸ்ல, அதான் தேசிய திறந்தநிலைப் பள்ளி, நீ சொன்ன அந்த ஓபன் ஸ்கூல்ல சேர்த்தோம். மொதல்ல எனக்கும் உன்ன மாதிரிதான் வயித்தக் கலக்குச்சு. வீட்ல யாராச்சும் "எந்த ஸ்கூல்"னு கேட்டா அவ ரூமுக்குள்ள போயிடுவா, நான் பேச்ச மாத்திடுவேன். அப்படி மாத்துனது தப்பு மீனா. அம்மாவே வெக்கப்பட்டா பிள்ளை என்னன்னு நினைக்கும்?

அது என்ன போர்டுன்னு ஒழுங்கா விசாரிச்சதே அப்புறம்தான். 1979ல சிபிஎஸ்இ ஒரு ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, 1989ல மத்திய அரசு தனி நிறுவனமா ஆக்குச்சு, 2002ல இப்ப இருக்குற பேரு வந்துச்சு. சிபிஎஸ்இ மாதிரியே இதுவும் ஒரு தேசிய போர்டுதான். பாடம், வீடியோ, அட்மிஷன் எல்லாம் ஆன்லைன்ல இருந்தாலும் பப்ளிக் எக்ஸாம் சென்டருக்குப் போயி ஹால் டிக்கெட் காட்டி பேனா புடிச்சு எழுதுறதுதான், அதுதான் நம்மாளுங்க யாருக்கும் தெரியல. ஆன்லைன்னு சொன்னதும் வீட்ல புக்கப் பாத்து எழுதிட்டு மார்க் வாங்கிட்டாங்கன்னு நினைச்சுக்குறாங்க. அசைன்மெண்டுக்கு 20 சதவீதம் போக மிச்சம் பூரா பரீட்சைதான். வருஷத்துக்கு ரெண்டு தடவ பப்ளிக் எக்ஸாம் வருது, 5 வருஷத்துக்குள்ள 9 தடவ எழுதலாம், பாஸ் பண்ணுன பாடத்த திரும்பத் தொட வேண்டாம். முதுகு வலியோட இருந்த பிள்ளைக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு நான் கூடவே இருந்து பாத்தேன்.

பி.காம் அட்மிஷனுக்குப் போனப்போ நடந்தத சொல்றேன். காலேஜ் பேர் வேணாம். அப்ளிகேஷன்ல போர்டுங்குற எடத்துல ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, அதுக்குக் கீழ "மற்றவை"ன்னு இருந்துச்சு. இவ அந்த "மற்றவை"ய அமுக்கும்போது அவ மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். கவுண்டர்ல இருந்தவர் மார்க் ஷீட்ட முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு "இது கரஸ்பாண்டன்ஸாம்மா"ன்னு கேட்டாரு. எனக்குத் தொண்ட அடைச்சிருச்சு. இவதான் நிதானமா "இல்ல சார், மத்திய அரசு போர்டு, மைக்ரேஷன் சர்டிபிகேட் கூட வச்சிருக்கேன்"னு எடுத்துக் குடுத்தா. அவர் உள்ள போயி கேட்டுட்டு வந்து சீல் வச்சிட்டாரு, பத்தே நிமிஷம்தான்.

ஆனா ஜனங்களுக்கு சந்தேகம் வர்றதுக்குக் காரணம் இல்லாம இல்ல. ப்ளஸ் டூ முடிக்காமலே நேரா ஓபன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்குனாங்களே, அந்த டிகிரி அரசு வேலைக்குச் செல்லாதுன்னு 2009ல தமிழ்நாட்டுல ஜிஓ வந்துச்சு, அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்குறாங்க. அப்புறம் 2018ல நீட்டுக்கு ஓபன் ஸ்கூல் பசங்க எழுதக்கூடாதுன்னு சிபிஎஸ்இ அறிவிப்புல போட்டாங்க, அதே வருஷம் டெல்லி ஹைகோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு, ஆனாலும் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் இழுத்து 2024ல தான் எழுதலாம்னு முடிஞ்சுது. அத்தன வருஷம் அந்தப் பசங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்? இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு ஜேஇஇ மெயினுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, 5 பாடம் எழுதியிருந்தா போதும்னு ரூல்லயே இருக்கு. உன் பையன் இன்ஜினியரிங்னு சொல்றதால இத முக்கியமா சொல்றேன், நாலு பாடத்தோட நிறுத்திடாத.

இன்னொண்ணு, ஆன்லைன் ஸ்கூல்னு விளம்பரம் வந்தா ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி "சர்டிபிகேட் எந்த போர்டு பேர்ல வரும்"னு கேளு. என்ஐஓஎஸ்னு சொன்னா அவங்க பெரும்பாலும் டியூஷன் சென்டர்தான், அட்மிஷன நீயே நேரடியா போட்டுக்கலாம். கேள்விப்படாத போர்டு பேர் ஏதாச்சும் சொன்னா, பரீட்சையே வேணாம் பணம் கட்டுனா போதும்னா, எழுந்து வந்துரு. அந்த மாதிரி ஆளுங்களாலதான் நேர்மையா எழுதுன பிள்ளைங்களோட பேப்பரையும் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க, அதுலதான் எனக்குக் கோவமே.

எனக்கு இருக்குற ஒரே வருத்தம் சர்டிபிகேட்ட பத்தி இல்ல. ரெண்டு வருஷம் அவளுக்கு லஞ்ச் டப்பாவ பகிர்ந்து திங்க ஒரு பிள்ளையும் இல்ல. பழைய ஸ்கூல் குரூப்ல ஃபேர்வெல் போட்டோ வந்த அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல. உன் பையன சேர்த்தீன்னா சாயங்காலம் கிரவுண்டு, பாட்டு கிளாஸ்னு ஆளுங்க இருக்குற எடத்துக்கு அனுப்பு, அத நான் செய்யாம விட்டுட்டேன்.

இப்ப மூணாவது வருஷம் படிக்குறா. அவன்கிட்ட தானே பேசுறேன்னு சொல்லிருக்கா, ஞாயித்துக்கிழம சாயங்காலம் போன அவன் கைல குடு. அண்ணன விசாரிச்சதா சொல்லு.

உன்
செல்வி